நாய்க்கு விலை கூடிய உலர் உணவுதான் வேண்டுமா?

கேள்வி இதுதான்: இரண்டு வயது நாய், எடை 12 கிலோ, கருத்தடை செய்யப்பட்டது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் சாதாரண உலர் உணவைத்தான் தின்கிறது. ஓடுகிறது, விளையாடுகிறது, முடி பளபளப்பாக இருக்கிறது, மலம் கெட்டியாகப் போகிறது. ஆனால் நாய் வளர்க்கும் நண்பர்கள் அதை வெறும் சக்கை என்கிறார்கள். மூன்று மடங்கு விலை கொடுத்துப் பிரீமியம் உணவு வாங்குவதுதான் முறை என்று வற்புறுத்துகிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் நிலையில் இருக்கும் நாய்க்கு, பிறர் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் உணவை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காக எல்லாம் ஒன்றுதான், மலிவானது எதுவோ அதை வாங்கிப் போடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். மலிவான உணவுகளில் நல்லவையும் உண்டு, தொடக்கூடாதவையும் உண்டு. விலை கூடியவற்றிலும் அப்படித்தான். பிரித்தறியத் தேவையான விவரங்களில் பெரும்பகுதி பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

முதலில் 'பிரீமியம்' என்ற முத்திரையைக் கவனிப்போம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் (ஆஃப்கோ) வகுத்த விதிகளைத்தான் அந்த நாட்டு மாநிலங்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. 'இயற்கையானது' என்று அச்சிட அதில் ஒரு வரையறை இருக்கிறது. 'மனிதர் உண்ணும் தரம்' என்று அச்சிடவும் இருக்கிறது. 'பிரீமியம்', 'சூப்பர் பிரீமியம்', 'ஹோலிஸ்டிக்' ஆகியவற்றுக்கு எதுவும் இல்லை. எந்தப் பையிலும் யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

விற்கும் இடமும் பெரிதாக எதையும் சொல்வதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் அடுக்கியிருக்கும் பெடிகிரியும் கால்நடை மருத்துவமனை அலமாரியில் இருக்கும் ராயல் கேனினும் மார்ஸ் என்ற ஒரே குழுமத்துடையவை. டாக் சௌ, புரோ பிளான் இரண்டையும் நெஸ்லேயின் பியூரினாதான் தயாரிக்கிறது. செய்முறைகள் வேறு என்பது உண்மை. ஆனால் 'அவர்கள் வியாபாரிகள், இவர்கள் நாய்ப் பிரியர்கள்' என்று கட்டப்படும் கதை பொய். பல சிறிய பிரீமியம் பிராண்டுகளுக்குச் சொந்த ஆலைகூடக் கிடையாது. ஒப்பந்த ஆலையில் தயாரித்து வாங்கித் தங்கள் பையில் நிரப்பிக்கொள்கின்றன. 2012இல் டயமண்ட் நிறுவனத்தின் தெற்கு கரோலினா ஆலையில் தயாரான உலர் உணவில் சால்மோனெல்லா கிருமி கண்டுபிடிக்கப்பட்டபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. திரும்பப் பெறப்பட்ட பைகளின் பட்டியலில் மொத்தவிலைக் கடைச் சங்கிலி ஒன்று தன் சொந்தப் பெயரில் விற்ற மலிவான உணவும் இருந்தது, பெயர்பெற்ற பிரீமியம் உணவுகளும் இருந்தன. எல்லாம் ஒரே கூரையின் கீழ் வெந்தவை. மருத்துவர்கள் பரிந்துரைக்கும் நிறுவனங்களுக்கும் விலக்கு இல்லை. 2019இல் ஹில்ஸ் நிறுவனம், வைட்டமின் டி அளவுக்கு மீறிக் கலந்துவிட்டதால், தன் டின் உணவுகள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. தவறு எல்லா விலையிலும் நடக்கும். அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஏற்பாடு ஒரு நிறுவனத்திடம் இருக்கிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது பையைத் திருப்புங்கள். முதலில் தேட வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: இது முழுமையான, சமச்சீரான உணவு, இன்ன பருவத்து நாய்க்கு உரியது. ஆஃப்கோ அளவுகோலையோ, ஐரோப்பியச் செல்லப்பிராணி உணவுத் தொழில் கூட்டமைப்பான ஃபெடியாஃபின் அளவுகோலையோ குறிப்பிட்டு இது இருக்கும். 'துணை உணவு', 'இடையிடையே கொடுக்க' என்று இருந்தால் அதை மட்டுமே போட்டு நாயை வளர்க்க முடியாது. இந்த வாக்கியமே இல்லையென்றால் பையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். விலை எதுவானாலும் சரி, பையில் ஓநாய் படம் எத்தனை கம்பீரமாக நின்றாலும் சரி.

அந்த வாக்கியத்தில் பருவத்தையும் பாருங்கள். குட்டிக்கு, வளர்ந்த நாய்க்கு, எல்லாப் பருவத்துக்கும் என மூன்று வகை உண்டு. 'எல்லாப் பருவத்துக்கும்' என்றால் குட்டியின் தேவைக்குச் செய்தது என்று பொருள். பெரும்பாலும் கொழுப்பும் கலோரியும் கூடுதலாக இருக்கும். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாயை அது எளிதில் குண்டாக்கிவிடும்.

இந்த உறுதிமொழியைத் தர நிறுவனத்துக்கு இரண்டு முக்கிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, சத்து அளவுகள் அட்டவணைக்குப் பொருந்துகின்றன என்று காட்டுவது. மற்றது, நாய்களுக்கே கொடுத்துப் பார்ப்பது. வளர்ந்த நாய்களுக்கான ஆஃப்கோ சோதனையில் குறைந்தது 8 நாய்கள் 26 வாரம் இந்த உணவை மட்டுமே தின்ன வேண்டும். அவற்றில் ஆறு நாய்களாவது கடைசிவரை நிலைத்தால் போதும். எடையும் உடல்நிலையும் நான்கு ரத்த அளவுகளும் பார்க்கப்படும். எட்டு நாய், அரை ஆண்டு என்பது பெரிய சோதனை ஒன்றும் இல்லை. நீண்டகாலக் குறைகள் அதில் தெரியாமல் போகலாம். ஆனாலும் காகிதத்தில் மட்டும் கணக்குப் போட்ட உணவைவிட, நாயின் குடலுக்குள் போய் வந்த உணவின் மேல் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல்.

அடுத்தது, எல்லோரும் முதலில் படிக்கும் பகுதி, மூலப்பொருள் பட்டியல். மிக அதிகமாக ஏமாற்றப்படுவதும் இங்கேதான். பொருள்கள் எடை வரிசையில் வருகின்றன. ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. புதிய கோழி இறைச்சியில் பெரும்பகுதி, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், தண்ணீர். ஆலையில் உணவு அழுத்தி வேகவைக்கப்பட்டு உலர்ந்து வரும்போது அந்தத் தண்ணீர் போய்விடும். 'முதல் பொருள் உண்மையான கோழி' என்று பெருமையாக அச்சிட்ட பையில், உலர்ந்த நிலையில் கோழியின் பங்கு கீழே இருக்கும் சோளத்தைவிடவோ பட்டாணியைவிடவோ குறைவாக இருக்கக்கூடும். அதே பட்டியலில் அருவருப்போடு பார்க்கப்படும் 'கோழித் தூள்' ஏற்கெனவே நீரும் கொழுப்பும் நீக்கப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் புரதம் இருக்கும். இன்னொரு தந்திரம், ஒரே பொருளைப் பிரித்து எழுதுவது: பட்டாணி, பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார். நான்கையும் கூட்டினால் முதலிடம் பட்டாணிக்கே போகும். பிரித்துப் போட்டதால் இறைச்சி மேலே மிதக்கிறது.

பையின் படத்தில் பிரகாசிக்கும் நாவற்பழ நிறப் பெர்ரிகளையும் கீரைகளையும் பட்டியலில் தேடிப் பாருங்கள். உப்புக்கு எத்தனை இடம் கீழே இருக்கின்றன? இத்தகைய உணவில் உப்பே பொதுவாக ஒரு சதவீதத்தைத் தாண்டாது. அதற்கும் கீழே இருப்பவை நாய்க்காகப் போடப்பட்டவை அல்ல, உங்களுக்காகப் போடப்பட்டவை. மலிவான உணவில் சிவப்பும் பச்சையுமாக வரும் வண்ணத் துண்டுகளும் அப்படியே. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் நம்மைப் போல் பிரிந்து தெரிவதில்லை.

பெயரில்கூட விதி ஒளிந்திருக்கிறது. ஆஃப்கோ முறையில், 'கோழி ரெசிபி', 'கோழி டின்னர்' என்று பெயர் வைக்க 25 சதவீதம் கோழி போதும். 'கோழி சேர்த்தது' என்று சொல்ல 3 சதவீதம் போதும். 'கோழிச் சுவை' என்றால் நாய்க்குத் தெரியும் அளவுக்கு வாசனை இருந்தால் சரி.

துணைப்பொருள் என்ற பெயரைக் கண்டதும் பதறுகிறவர்கள் நிறைய. ஈரல், சிறுநீரகம், நுரையீரல், மண்ணீரல் எல்லாம் அந்தப் பெயரில்தான் வருகின்றன. வேட்டையாடும் விலங்கு இரையில் முதலில் தேடுவது இவற்றைத்தான். முடி, கொம்பு, பல், குளம்பு ஆகியவை ஆஃப்கோவின் இறைச்சித் துணைப்பொருள் வரையறைக்குள் வராது. உண்மையான குறை வேறு: எந்த விலங்கு என்றே சொல்லாமல் 'இறைச்சி மற்றும் விலங்குப் பொருள்கள்' என்று பொதுவாக எழுதுவது. சந்தையில் அன்று எது மலிவோ அதைப் போட்டுக்கொள்ள அது வசதி. ஒரு பையும் அடுத்த பையும் ஒன்றாக இருக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. வயிறு எளிதில் கெடும் நாய்க்கு இதுவே போதும் தொல்லை தர.

சோளமும் கோதுமையும் 'நிரப்பி' என்பதும் பாதி உண்மைகூட இல்லை. வேகவைத்த மாவுச்சத்தை நாய் நன்றாகவே செரிக்கிறது. ஓநாயோடு ஒப்பிட்டால், மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு நாயிடம் பல மடங்கு பிரதிகளாக இருப்பதை 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. மனிதனோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நாயின் குடலையும் மாற்றியிருக்கின்றன. உணவு ஒவ்வாமையிலும் நாய்களிடம் அதிகம் பிடிபடுபவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி. கோதுமையும் பட்டியலில் உண்டு, ஆனால் முதலிடத்தில் இல்லை.

தானியம் இல்லாத உணவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று 'பிரீமியம்' என்றாலே பலர் கைநீட்டுவது அதற்குத்தான். 2018 ஜூலையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு நிறைந்த உணவு தின்ற நாய்களில், வழக்கமாக அந்த நோய் வராத இனங்களில்கூட, இதயத் தசை தளர்ந்து அறைகள் விரியும் நோய் தென்படுவதாகத் தகவல்கள் வந்திருந்தன. அவற்றில் பெரும்பாலானவை தானியமற்ற உணவுகள். காரணம் இதுதான் என்று நிறுவப் போதிய தரவு இல்லை என்று அதே நிர்வாகம் 2022 இறுதியில் சொன்னது. ஆக, குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் தானியத்தை நீக்கியதால் ஆரோக்கியமான நாய்க்கு நன்மை என்பதும் நிரூபணமாகவில்லை. நன்மை தெரியாத, ஐயம் மட்டும் தெரிந்த ஒன்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

இனிக் கணக்கு. இதில் கொஞ்சம் பொறுமையாக இருங்கள், விலை பற்றிய குழப்பம் பெரும்பாலும் இங்கே தீர்ந்துவிடும். நாயின் ஓய்வுநிலைத் தேவை, கிலோவில் சொன்ன எடையின் 0.75 அடுக்கை 70ஆல் பெருக்கினால் கிடைக்கும் கலோரி. 12 கிலோவுக்கு ஏறக்குறைய 450. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்குவது வழக்கம், அதாவது நாளுக்குச் சுமார் 720 கலோரி. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே எடையுள்ள இரண்டு நாய்களுக்குத் தேவை கணிசமாக வேறுபடலாம்.

இரண்டு பைகளைக் கற்பனை செய்துகொள்வோம். மலிவானதில் புரதம் 20, கொழுப்பு 8, நார் 5, ஈரம் 10, சாம்பல் (அதாவது தாது உப்புகள்) 8 சதவீதம். மீதி 49 மாவுச்சத்து. பல பைகளில் இதை எழுதவே மாட்டார்கள், கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5, கொழுப்புக்கு 8.5 கலோரி என்று பெருக்கினால் 100 கிராமில் 310 கலோரி வருகிறது. விலை கூடியதில் புரதம் 28, கொழுப்பு 17, நார் 3, ஈரம் 10, சாம்பல் 7, மாவுச்சத்து 35. இது 365 கலோரி. உங்கள் நாய்க்கு முதலாவது நாளுக்கு 233 கிராம் வேண்டும், இரண்டாவது 198 கிராம் போதும். கிலோ விலையில் மூன்று மடங்காகத் தெரிந்த வேறுபாடு, நாள் செலவில் இரண்டரை மடங்காகிறது. குறைகிறதே தவிர மறைந்துவிடவில்லை. 'விலை கூடியது குறைவாகப் போதும், கடைசியில் செலவு ஒன்றுதான்' என்று விற்பனையாளர் சொன்னால் இந்தக் கணக்கை அவரிடமே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

புரதத்தையும் பார்க்கலாம். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ சொல்லும் குறைந்தபட்சம் 1000 கலோரிக்கு 45 கிராம். உங்கள் நாய்க்கு நாளுக்கு 33 கிராம் அளவு. மலிவான பை 47 கிராம் தருகிறது, விலை கூடியது 55. இரண்டுமே தாண்டிவிட்டன. அளவைப் பொறுத்தவரை ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்கு இங்கே பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் அளவில் இல்லை, செரிமானத்தில் இருக்கிறது. எத்தனை சதவீதம் உடலில் சேர்கிறது என்பதைப் பையில் எழுத மாட்டார்கள். நல்ல செய்முறைகளில் இது 80களின் பிற்பகுதியைத் தொடும், மட்டமானவற்றில் 70களில் தங்கும். மேலே சொன்ன இரண்டு பைகளில் விலை கூடியது 88 சதவீதமும் மலிவானது 76 சதவீதமும் செரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், செரிக்காமல் வெளியேறும் உலர்பொருள் (ஈரம் நீங்கலான பகுதி) நாளுக்கு 21 கிராம் முன்னதில், 50 கிராம் பின்னதில். காலையில் மலத்தை அள்ளும்போது இந்த வேறுபாடு கையில் தெரியும். ஆகவே ஆய்வுக்கூட அறிக்கை இல்லாத நமக்கு மலம்தான் அறிக்கை. சிறியதாக, உருவம் குலையாமல், எடுத்தால் தரையில் ஒட்டாமல் இருந்தால் உணவு வேலை செய்கிறது. அளவு மிகுந்து, நாளுக்கு நான்கைந்து முறை, துர்நாற்றத்தோடு போனால் பையின் விலை எதுவானாலும் அது உங்கள் நாய்க்கு ஒத்துவரவில்லை.

கூடுதல் பணம் வாங்கித் தரக்கூடியவை உண்மையில் இவைதாம்: நன்றாகச் செரிக்கும் மூலப்பொருள், பைக்குப் பை மாறாத செய்முறை, அடிக்கடி நடக்கும் பரிசோதனை, சில நேரம் மீன் எண்ணெய் போன்ற நல்ல கொழுப்பு. 'வாங்கித் தரக்கூடியவை' என்கிறேன். தந்தே தீரும் என்று சொல்லவில்லை. தருகிறதா என்று அறிய நிறுவனத்துக்கே எழுதிக் கேட்கலாம். உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் இதற்கென்றே கேள்விகள் வகுத்திருக்கிறது. செய்முறையை வகுத்தவர் யார், அவருக்கு விலங்கு ஊட்டச்சத்தில் உயர்படிப்பு உண்டா, எந்த ஆலையில் தயாராகிறது, தரப் பரிசோதனை எப்படி நடக்கிறது, கலோரி எவ்வளவு என்றெல்லாம் கேளுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் பெரிய நிறுவனங்கள் சில இதற்கு நேரடியாகப் பதில் சொல்லும். அழகான பையில் விற்கும் சில பிரீமியம் பிராண்டுகள் 'எங்கள் வல்லுநர் குழு' என்று பூசி மெழுகும். அப்படி மெழுகும் இடத்தில் நான் வாங்க மாட்டேன்.

எந்த நிலையில் தயங்காமல் பணம் செலவிடுவேன்? பெரிய இனக் குட்டி என்றால். வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டும் இனங்களின் குட்டிகள், கூடுதல் கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறனை முதல் சில மாதங்களில் பெற்றிருப்பதில்லை. மிகுதியான கால்சியமும் மிகுதியான கலோரியும் எலும்பையும் மூட்டையும் கோணலாக்கிவிடும். 'பெரிய இனங்கள் உட்பட வளரும் பருவத்துக்கு' என்ற வரி பையில் இருந்தே ஆக வேண்டும். அந்த வரி சூப்பர் மார்க்கெட் பையில் இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். இதே குட்டிக்கு 'எலும்பு பலப்பட' என்று தனியாகக் கால்சியம் கொடுப்பதுதான் மிகப் பெரிய கெடுதல். சிறுநீரகக் கோளாறு, கணைய அழற்சி, சிறுநீர்க் கல் உள்ள நாய்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் உணவு வேறு ரகம். அதற்கு மாற்றாக 'பிரீமியம்' எதையும் வாங்காதீர்கள். ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தாலும் அப்படியே. எட்டு வாரம் கண்டிப்பான ஒரே உணவில் வைத்துப் பார்க்கும் சோதனையை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். கடையில் விற்கும் 'குறைந்த பொருள்' உணவுகளில் பட்டியலில் இல்லாத இறைச்சிகளும் கலந்திருப்பது பல ஆய்வுகளில் பிடிபட்டிருக்கிறது.

உலர் உணவு பல்லைச் சுத்தம் செய்யும் என்பதற்காக எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். பெரும்பாலான துண்டுகள் பல் நுனி பட்டதும் உடைந்துவிடுகின்றன. அதற்கென வடிவமைத்துச் சோதிக்கப்பட்ட உணவுகள் தனி.

எந்தப் பை என்பதைவிட எவ்வளவு என்பதுதான் நாயின் ஆயுளை அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவத்திலிருந்து அவற்றின் வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002இல் முடிவை வெளியிட்டது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக, அதே உணவைக் கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் மெலிந்த நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. உணவு ஒன்றுதான், அளவு மட்டுமே மாறியது. எந்த பிராண்டு மாற்றமும் இவ்வளவு தந்ததாக நான் அறியவில்லை. எனவே கோப்பையில் குத்துமதிப்பாக அள்ளிப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். பை மேல் அச்சிட்ட அளவு பல நாய்களுக்கு அதிகம். விலா எலும்புகள் கையால் தடவினால் எளிதாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். பயிற்சிக்கும் கொஞ்சலுக்கும் கொடுக்கும் தின்பண்டங்கள் அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. விலை கூடிய உணவில் கலோரி அடர்த்தி அதிகம் என்பதால், மாற்றியபின்னும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால் நாய் சத்தமில்லாமல் பருத்துவிடும்.

உங்கள் நாய்க்கு வருவோம். இப்போதைய பையில் 'முழுமையான உணவு' என்ற வரியும், வளர்ந்த நாய்க்கு என்ற பருவமும், இறைச்சி எந்த விலங்குடையது என்ற விவரமும் இருந்தால் அப்படியே தொடருங்கள். மூன்றில் முதலாவது இல்லையென்றால் இந்தப் பை தீரும்வரைகூடக் காத்திருக்காமல் மாற்றுங்கள். மற்ற இரண்டில் ஒன்று இல்லையென்றால், அதே சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஒரு படி மேலான விலையில் இருப்பவற்றை முதலில் புரட்டிப் பாருங்கள். மூன்று மடங்குக்குத் தாவ வேண்டிய கட்டாயம் அரிதாகவே வரும்.

மாற்றுவதென்றால் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால். இடையில் வயிறு இளகினால் முந்தைய விகிதத்திலேயே இரண்டு நாள் நிறுத்துங்கள். புதிய உணவை ஒரு வாரத்தில் எடைபோட்டுவிடாதீர்கள். மலம் இரண்டு வாரத்தில் நிலைபெறும். முடியிலும் தோலிலும் மாற்றம் தெரிய ஒன்றரை, இரண்டு மாதமாகும்.

பையைத் திறந்த நாளிலிருந்து கொழுப்பு காற்றுபட்டுச் சிக்கடிக்கத் தொடங்குகிறது. மிக உயர்ந்த உணவும் இதற்கு விலக்கில்லை. வாளியில் கொட்டாமல், அதே பையோடு மூடி வையுங்கள். தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் பையில்தான் இருக்கின்றன, உணவைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் அந்த எண்தான் தேவைப்படும். 27 டிகிரிக்குக் கீழே, ஈரம் படாத இடம் நல்லது. திறந்த ஆறு வாரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும் என்று கணக்கிட்டால், உங்கள் 12 கிலோ நாய்க்கு மலிவான உணவில் 10 கிலோப் பையும், அடர்த்தியானதில் 8 கிலோப் பையும் உச்ச அளவு. 20 கிலோ மூட்டையில் தள்ளுபடி இருக்கிறது என்று கடைக்காரர் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.